முடிந்து வைத்த ரோமக் காசு

பஞ்சநதத்துக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. வாய் யாரையாவது கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கும். கை சட்டைப் பைக்குள் ஏதாவது ஒரு செப்புக் காசைத் தடவிக்கொண்டிருக்கும். திருவிடைமருதூருக்கு மேற்கே கொஞ்சம் சொந்த நிலம், அதை ஒட்டினாற்போல் கொஞ்சம் குத்தகை நிலம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மனுஷனைக் கையில் பிடிக்க முடியாது. வராவிட்டால் பொதுப்பணித்துறையில் ஆரம்பித்து வருண பகவான் வரைக்கும் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டார். கோயிலுக்குக் குடும்பத்தோடு போவார், ஆனால் உள்ளே போக மாட்டார். வெளியே செருப்புக்குக் காவல் இருந்து, வேர்க்கடலை தின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் "உள்ள என்ன சொன்னாரு, எதாவது நல்ல சேதி உண்டா?" என்று கேட்பார். அப்படி ஒரு ஆள்.

இந்த ஆளுக்குப் பிடித்த பைத்தியம்தான் ரோமக் காசு. ரோமாபுரி என்றதும் தங்கப் புதையல் என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். அவரிடம் இருந்ததெல்லாம் கட்டைவிரல் நகத்தளவு செப்புக் காசுகள், கறுத்துத் தேய்ந்தவை. கும்பகோணத்தில் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்கி உருக்க அனுப்புகிற அப்சருடைய கடையில் பெரும்பாலும் கிடைத்தவை. ஓட்டை அண்டா, கைப்பிடி போன செம்பு, உடைந்த குத்துவிளக்கு என்று குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் பசி தாகம் தெரியாது. கரூர்ப் பக்கம் ஆற்று மணலைச் சலித்துக் காசு எடுக்கிறவர்களிடமிருந்தும் அப்சருக்கு அவ்வப்போது ஒரு பொட்டலம் வரும். அதையும் பஞ்சநதத்துக்காக எடுத்துவைத்திருப்பான்.

திருச்சியில் ஒரு முறை நாணயக் கண்காட்சி நடந்தபோது தன்னுடைய காசுகளைக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கிருந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்கள்: ரோமக் காசுதான், கடைசிக் காலத்துது, ரொம்பச் சாதாரணம், இதற்கெல்லாம் ஒரு மதிப்பும் கிடையாது. வேறு ஒருத்தராக இருந்தால் முகம் சுருங்கிப்போயிருக்கும். இவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து பெருமை அடித்தார். தங்கக்காசு ராஜா பெட்டியில் தூங்கினது. இது நம்மைப் போல ஒருத்தன் கீரை வாங்கின காசு, மீன் வாங்கின காசு, கை மாறிக் கை மாறித் தேய்ஞ்ச காசு என்றார். மிளகு வாங்கக் கப்பலில் வந்தவன் விட்டுப்போன சில்லறையை நம்ம ஊர்க்காரன் வாங்கி மடியில் செருகியிருக்கிறான், அவன் கைரேகை இதில் இருக்கிறது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

காசுகளையெல்லாம் விதை நெல் சாம்பிள் போட்டுக் கொடுக்கிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஒரு எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி வைத்திருந்தார். மனைவி பிரகதாம்பாள் அந்தச் சம்படத்துக்கு வைத்த பெயர் சக்களத்தி. மத்தியானம் வயலிலிருந்து வந்து, கை கால் கழுவி, சாப்பிட்டு முடித்ததும் அவர் சம்படத்தைத் திறந்தால், "ம், போங்க, அவ காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லிவிட்டு அந்தம்மாள் டி.வி.யைப் போட்டுக்கொள்வாள். சண்டையில்லாத வீடு அது. ஒரே பிள்ளை இளவழகன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கிற இடத்தில் வேலை. வாரம் தவறாமல் வீடியோவில் வந்து இரண்டு பேரையும் கேலி பண்ணுவான். அப்பன் வாய் அப்படியே பிள்ளைக்கு.

சம்படத்தில் இருந்த காசுகளில் பெரும்பாலானவற்றில் முகமே கிடையாது. தலை இருந்த இடத்தில் ஒரு மேடு, அவ்வளவுதான். ஒன்றே ஒன்றில்தான் ராஜா முழுசாக இருந்தார். தலையைச் சுற்றி முத்துச் சரம், பெரிய கண், நேரான மூக்கு. பின்பக்கம் ஈட்டியை ஊன்றிக்கொண்டு இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடிக்கம்பம். வெடித்துப்போன செம்புக் குடம் ஒன்றின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததை அப்சர் சுரண்டி எடுத்துக் கொடுத்தான். அதுவும் ஊர் உலகத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கிற சாதாரணக் காசுதான். அது பஞ்சநதத்துக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை வருஷத்தில் தன் கையில் சிக்கிய ஒரே முகம் அது. சம்படத்தைத் திறந்தால் முதலில் அதைத்தான் எடுப்பார்.

அந்தப் புரட்டாசியில் சம்பா நாற்று பறிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது இளவழகனோடு ஒரே அறையில் இருந்த பேராவூரணிப் பையன் ராஜ்குமார் போன் பண்ணினான். அவன் குரலே சரியில்லை. கப்பலில் இரும்புத் தகடு ஒன்று நழுவி இளவழகன் இடது காலில் விழுந்துவிட்டது, ரத்தம் ரொம்பப் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று சொல்லி முடிப்பதற்குள் அவனே அழுதுவிட்டான்.

பஞ்சநதத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரகதாம்பாள்தான் எழுந்தாள். பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் நனைத்தாள். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசாமி அவர்கள் குலசாமி. சாமிக்கு என்று ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து வைத்து, காரியம் நல்லபடி ஆனதும் கொண்டுபோய் உண்டியலில் சேர்ப்பது வழக்கம். முடிந்துவிட்டால் அது சாமி காசு. வீட்டில் உயிரே போகிற கஷ்டம் வந்தாலும் அதை யாரும் தொட மாட்டார்கள். ஆனால் முடிவதற்குக் காசு வேண்டுமே! பால்காரனிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் போனைக் காட்டுகிற காலத்தில் வீட்டில் சில்லறை எங்கே இருக்கும்? அஞ்சறைப் பெட்டி, அலமாரி, சட்டைப் பை எல்லாம் துழாவிவிட்டு, கடைசியில் சம்படத்தைத் திறந்தாள். சாமிக்குக் கொடுப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று முகம் தெரிகிற அந்த ஒரு காசைத் தேடி எடுத்தாள். துணியில் வைத்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டாள். அவரிடம் கொண்டுவந்து, "உங்க டப்பாவுலேருந்துதான் எடுத்தேன். தொட்டு வேண்டிக்குங்க" என்றாள்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார் அவர். இரண்டு கையாலும் அந்த முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா, எம்புள்ளையக் குடுத்துடு" என்று வாய்விட்டு அழுதார். செருப்புக்குக் காவல் இருக்கிற பஞ்சநதம் அழுதார். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அந்த நேரத்தில் யாராவது அவர் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

சில நாள் கழித்து இளவழகன் கண் திறந்தான். ராஜ்குமார் வீடியோவில் காட்டினான். காலைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. பிரகதாம்பாள் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் பிள்ளையாருக்கு விளக்கேற்றப் போனாள். பஞ்சநதம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினதும் மனுஷனுக்குப் பழைய புத்தி திரும்பி வந்துவிட்டது. கை தானாகச் சம்படத்தை எடுத்தது. ராஜா இல்லாத சம்படம். இனிமேல் அந்த முகத்தைப் பார்க்கவே முடியாது என்ற நினைப்பு ஏனோ அவரைப் போட்டுக் குடைந்தது.

இங்கேதான் மனுஷன் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். சாமியே இல்லை என்கிற ஆள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று தனக்குத்தானே வாதாடினார். சாமிக்கு ராஜா முகம் எதற்கு? உண்டியல் எண்ணுகிறவன் இதைச் செல்லாக்காசு என்று ஒதுக்கத்தானே போகிறான்? தேய்ந்த காசு ஒன்றை வைத்தாலும் அதுவும் செம்பு, அதுவும் ரோமாபுரி, அதற்கும் அதே வயசு. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சாமி மாடத்திலிருந்து முடிச்சை எடுத்து, அவிழ்த்து, ராஜாவை வெளியே எடுத்துவிட்டு முகமில்லாத ஒரு காசை உள்ளே வைத்துக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். பிரகதாம்பாள் திரும்பி வந்தபோது ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராஜா சட்டைப் பைக்குள் இருந்தார்.

அடுத்த வாரம் நாற்றுப் பறி. ஆட்களோடு அவரும் நாற்றங்காலில் இறங்கினார். நாற்றைப் பறித்து, வேரைத் தண்ணீரில் அலசி, கைப்பிடியாகச் சேர்த்து, ஒரு நாற்றுத் தாளை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி நுனியை உள்ளே செருகினால் ஒரு நாற்று முடி. முடிச்சுப் போடுவதில்லை, நடுகிறவர்கள் இழுத்தால் சட்டென்று அவிழ வேண்டும். சிறு வயசிலிருந்து பழகின கை, பார்க்காமலே கட்டும். இரண்டு சுற்று, ஒரு முறுக்கு, ஒரு செருகல். கட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். அன்றைக்கு மஞ்சள் துணியையும் இப்படித்தான் கட்டியிருந்தார். பிரகதாம்பாள் போட்டது இரட்டை முடிச்சு.

கையில் இருந்ததைப் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடினார். ஆட்கள் கூப்பிட்டது காதில் விழவில்லை. அவள் கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாமி மாடத்தில் முடிச்சு இருந்தது. புதுசாகச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. இறுக்கமான இரட்டை முடிச்சு. அதாவது, அவள் பார்த்துவிட்டாள். அவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, மறுபடி கட்டி வைத்திருக்கிறாள். என்றைக்குப் பார்த்தாளோ தெரியாது. இத்தனை நாளும் சோறு போட்டாள், காபி கொடுத்தாள், உரத்துக்கு டோக்கன் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்து வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது. காலில் சீழ் பிடித்துவிட்டது, உடம்பெல்லாம் பரவுகிறது, முட்டிக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றான் ராஜ்குமார். பிரகதாம்பாள் ஈரக் கையோடு நின்று கேட்டாள். கேட்டு முடித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மாடத்துக்குப் போய் முடிச்சை எடுத்து, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த பீரோ பூட்டப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

டாக்டர்கள் சொன்ன காரணம் அவருக்கும் தெரியும். அடிபட்ட அன்றைக்கே துருவும் அழுக்கும் உள்ளே போய்விட்டது, அப்போதே ஆரம்பித்தது என்று வீடியோவில் தெளிவாகத்தான் சொன்னார்கள். அதை ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிப் பார்த்தார். அறிவு ஒத்துக்கொண்டது; வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஊரில் எல்லாரும் பாவம், பிள்ளைக் கவலை என்றார்கள். பிரகதாம்பாள் சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பார். அவள் திட்டவில்லை, அழவில்லை. வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சக்களத்தி என்ற வார்த்தை மட்டும் அந்த வீட்டில் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நாள் தாங்காமல் அப்சரிடம் போய்ச் சொன்னார். கடைக்குப் பின்னால் வைத்து எல்லாவற்றையும் கொட்டினார். நீ என்ன நினைக்கிறாய் பாய், காசுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம், நீயே சொல்லு என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் போதும் என்று இருந்தது. அவன் வீட்டிலும் நாகூருக்கு நேர்ந்துகொண்டு உண்டியலில் போட்டு வைக்கிறவர்கள்தான். அப்சர், "நேர்ந்துக்கிட்டதுல கை வச்சிருக்கக் கூடாதுண்ணே" என்றான். அன்றைக்குப் பொட்டலம் எதுவும் எடுத்துக் காட்டவில்லை. இவரும் கேட்கவில்லை.

இளவழகன் தை அறுப்பு முடிந்த பிறகு வந்து சேர்ந்தான். திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அழுவதற்குத் தயாராக நின்ற அம்மாவிடம், இனிமேல் செருப்பு வாங்கினால் பாதி விலைதான் என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். செயற்கைக் கால் பொருத்தி, ஊன்றுகோலோடு நடக்கப் பழகினான். அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். அதைப் பற்றி மட்டும் அவன் கேலி பேசவில்லை. பிள்ளை ஒவ்வொரு தடவை சுவரைப் பிடித்து எழுந்திருக்கும்போதும் பஞ்சநதம் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிள்ளை உயிரைச் சாமி கொடுத்தாரே, போய் முடிச்சைச் சேர்த்துவிட்டு வரலாம் என்று பங்குனியில் பிரகதாம்பாள் சொன்னாள். மூன்று பேரும் கிளம்பினார்கள். பஞ்சநதம் ராஜாவை மடியில் செருகிக்கொண்டார். எப்படியாவது அதையும் உண்டியலில் போட்டுவிடுவது என்று தீர்மானம். மாயவரத்தில் பஸ் மாறிக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், வாசல் கடைக்காரி ஒருத்தி ஓடிவந்து வெள்ளித் தகட்டில் அடித்த கை, கண், கால் எல்லாம் இருந்த தட்டை நீட்டினாள். உடம்பில் எங்கே நோவோ அந்த உறுப்பை வாங்கி உண்டியலில் போடுவார்கள். இளவழகனின் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, கால் வாங்கிப் போடுங்க தம்பி, சரியாகிவிடும் என்றாள். "எடது கால் ரெண்டு குடுங்கம்மா, ஒண்ணு எனக்கு" என்றான் அவன். அவள் அவன் வேட்டிக்குக் கீழே பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஞ்சநதத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் உள்ளே வந்தார். இளவழகன் ஆச்சரியமாகப் பார்த்தான். பிரகதாம்பாள் திரும்பிப் பார்க்கவில்லை. தரிசனம் முடிந்தது. பிள்ளையை ஒரு தூணில் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு உண்டியலுக்கு வந்தாள். முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டாள். பின்னாலேயே வந்த பஞ்சநதம் மடியிலிருந்து காசை எடுத்துக் கையை நீட்டினார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைப் போடாதீங்க" என்றாள்.

"பிரகதா, புத்தி கெட்டுப்போயி..."

"கால் போனதுக்கு நான் உங்கள ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னத நானும்தான் கேட்டேன். சாமியும் ஒரு காசுக்காகப் புள்ளை கால எடுக்கறவரு இல்ல." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "அவன் கண்ணு தொறந்தான்னு சேதி வந்துது. நான் வெளக்கேத்தப் போனேன். அந்த நேரத்துல உங்களுக்கு இது ஞாபகம் வந்துது பாருங்க. அதத்தான் என்னால தாங்க முடியல."

இத்தனை மாசமாக அவர் பயந்ததெல்லாம் வேறு. தன்னால்தான் கால் போயிற்று என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் நடுங்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் சொல்ல டாக்டரும் இருந்தார், அறிவும் இருந்தது. இதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தர், போடுவதென்றால் போடுங்கள், இல்லாவிட்டால் நகருங்கள் என்றார். பஞ்சநதம் நகர்ந்தார்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற இளவழகன் அவரைப் பார்த்துச் சிரித்தான். "அப்பாவே உள்ள வந்துட்டாரே! அப்படி என்னப்பா வேண்டிக்கிட்டீங்க?"

மூடின கையோடு நின்ற அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பிரகதாம்பாள் பதில் சொன்னாள். "அவருக்கு வேண்டியது அவரு கையிலயே இருக்குடா. நீ பாத்து கால வை." பிள்ளையின் தோளை அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.